ஊமையாகிப் போன வெளிப்பெட்டி: ஒரு ஹீட் பம்ப் தெர்மோஸ்டாட்டின் நிகழ்வு ஆய்வு

போன ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நண்பர் அழைத்தார். "அண்ணா, கரண்ட் பில்லைப் பார்த்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மெஷினையே மாத்தணும்னு சொல்றாங்க. நீங்க ஒரு தடவை வந்து பார்த்துட்டுச் சொல்லுங்களேன்."

வட கரோலினா மாநிலத்தில், ராலே நகரை ஒட்டிய கேரியில் அவர் வீடு. 1998-இல் கட்டியது. சூடும் குளிரும் தருவது ஒரே ஹீட் பம்ப், இரண்டரை டன். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை வந்த பில்லில் 2,980 யூனிட். முந்தைய ஆண்டு அதே காலத்தில் 1,540. இரண்டு ஆண்டும் குளிர் ஏறக்குறைய ஒரே அளவுதான். வீட்டில் கூடியிருந்தது ஒரே ஓர் ஆள், செப்டம்பரில் தஞ்சாவூரிலிருந்து வந்த அவருடைய அம்மா. அதற்காக 1,440 யூனிட் கூடாது.

ஏற்கெனவே ஒரு நிறுவனத்திலிருந்து ஆள் வந்து பார்த்து, மெஷினுக்கு வயதாகிவிட்டது, மொத்தமாக மாற்றிவிடலாம் என்று விலைப்பட்டியலும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சூட்டையும் குளிரையும் கட்டுப்படுத்தும் சுவர்க் கருவியான தெர்மோஸ்டாட்டின் மூடியை அவர் கழற்றவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. கட்டடங்களின் சூடேற்றுக் கட்டுப்பாடு என் அன்றாட வேலை. அந்த வேலையில் நான் மூடியைக் கழற்றாமல் எதையும் சொல்வதில்லை. இந்த நிகழ்வை விரிவாக எழுதக் காரணமும் அதுதான்: பழுதே இல்லாத ஓர் இயந்திரத்தை மாற்றப் பல ஆயிரம் டாலர் கடன் வாங்கும் நிலையில் ஒரு குடும்பம் நின்றது.

முதல் துப்பு

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். வெளியே 4 டிகிரி செல்சியஸ். வீட்டுக்குள் நல்ல கதகதப்பு. எந்த அறையிலும் குறை இல்லை. இந்தக் கதகதப்புதான் மூன்று மாதமாகப் பிழையை மறைத்து வைத்திருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

பில்லையும் பழைய பில்களையும் மேசையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காபி கொண்டு வந்த அம்மா சொன்னார்: "தம்பி, நான் படிக்காதவ, தப்பா இருந்தா விட்டுடுங்க. நான் வந்த புதுசுல, என் ஜன்னலுக்கு வெளியில இருக்கிற பெட்டி ராத்திரியெல்லாம் உறுமிக்கிட்டே கிடக்கும். இப்ப ரெண்டு மாசமா மூச்சே விடலை. குளிருக்கு அதை நிறுத்தி வச்சிருக்காங்கன்னு நினைச்சேன்."

எழுந்து அவர் அறைக்குப் போய் ஜன்னல் வழியே பார்த்தேன். வெளிப்பெட்டியின் மேல் கம்பி வலையில் ஓக் மரத்தின் காய்ந்த இலைகள் படிந்திருந்தன. அவற்றின் ஓரத்தில் இரவுப் பனி அப்படியே வெள்ளையாக நின்றது. விசிறி சுற்றியிருந்தால் மேல்நோக்கி அடிக்கும் காற்றில் ஓர் இலைகூட அங்கே தங்காது. வீட்டைச் சூடாக்க வேண்டிய இயந்திரம் குளிர்காலம் முழுவதும் ஓடவே இல்லை. அப்படியானால் வீடு எதனால் சூடாக இருக்கிறது?

கிணறும் வாங்கிய தண்ணீரும்

ஹீட் பம்ப் என்பது திருப்பி ஓட்டக்கூடிய ஏ.சி. கோடையில் வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டும். குளிர்காலத்தில் ரிவர்சிங் வால்வு என்ற ஒரு வால்வு திரும்பி, வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இறைத்து உள்ளே கொண்டுவரும். 4 டிகிரிக் காற்றிலும் வெப்பம் இருக்கிறது. அதைவிடக் குளிர்ந்த திரவம் அருகே வந்தால் அதற்குள் இறங்கும். கிணற்றில் நீர் இறைப்பவர் நீரை உண்டாக்குவதில்லை, தூக்குகிறார். அதனால்தான் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கிறது. வெளியே குளிர் கூடக் கூடக் கிணற்றில் நீர்மட்டம் இறங்குகிறது, கயிறு நீள்கிறது, அதே குடத்துக்கு உழைப்பு கூடுகிறது. உறைநிலைக்கு வெகு கீழே போனால் மூன்று என்பது இரண்டுக்கு அருகில் வந்துவிடும்.

அந்த நாள்களுக்காக வீட்டுக்குள்ளிருக்கும் காற்றுப்பெட்டியில் மின் ஹீட்டர் சுருள்கள் வைத்திருப்பார்கள். இந்த வீட்டில் 10 கிலோவாட். இவை இறைப்பதில்லை, எரிப்பவை. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரே யூனிட் வெப்பம். கிணறு இருக்கும் வீட்டில் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுவது போன்ற செலவு. துணைச் சூடு என்று பெயர். துணைக்கு மட்டும்தான் வர வேண்டும்.

காற்றுப்பெட்டிக்கு வரும் 240 வோல்ட் லைனில், ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரை மாட்டிவிட்டு, தெர்மோஸ்டாட்டில் மூன்று டிகிரி உயர்த்தச் சொன்னேன். 'டிக்' என்று ஒரு சத்தம், விசிறி கிளம்பியது, மீட்டர் 44 ஆம்பியரில் போய் நின்றது. விசிறிக்கு இரண்டைக் கழித்தால் மீதி 42, 10 கிலோவாட். வெளிப்பெட்டி அசையவில்லை. ஒவ்வொரு முறை வீடு சூடு கேட்டபோதும் துணை மட்டுமே வந்திருக்கிறது, முதலாளி வரவே இல்லை.

சுவருக்குள் சுருட்டிய ஆரஞ்சு ஒயர்

பழைய தெர்மோஸ்டாட்டை அக்டோபர் கடைசியில் கழற்றிவிட்டு, நேரம் வைத்து இயக்கக்கூடிய புதியதொன்றை நண்பரே மாட்டியிருந்தார். ஏ.சி.யும் தேவைப்படாத, ஹீட்டரும் தேவைப்படாத வாரம் அது. அதனால் மாட்டியவுடன் எதையும் ஓட்டிப் பார்க்க வாய்ப்பில்லை.

காற்றுப்பெட்டியின் பிரேக்கரை இறக்கிவிட்டு முகப்பை இழுத்தெடுத்தேன். எழுத்துப் போட்ட திருகுகளில் ஐந்து ஒயர் வரிசையாக இருந்தன: சிவப்பு 'ஆர்'-இல், மஞ்சள் 'ஒய்'-இல், பச்சை 'ஜி'-இல், வெள்ளை 'டபிள்யூ'-வில், நீலம் 'சி'-யில். பார்க்க அவ்வளவு ஒழுங்கு. சுவர் ஓட்டைக்குள் விரலை விட்டு இழுத்தபோது, நுனியில் கறுப்பு டேப் சுற்றிய ஆறாவது ஒயர் வந்தது. ஆரஞ்சு.

"இது மட்டும் மிச்சமாயிடுச்சு அண்ணா. கூட வந்த தாள்ல போட்டிருந்த படத்துல ஆரஞ்சே இல்லை. ஸ்பேர் ஒயர்னு நினைச்சு உள்ள தள்ளிட்டேன்."

அந்தத் தாளின் முதல் படம், கேஸை எரித்துச் சூடு தரும் ஃபர்னஸ் உள்ள வீட்டுக்கானது. பெரும்பாலான தெர்மோஸ்டாட்டுகளில் முதல் படம் அதுதான். ஃபர்னஸ் வீட்டில் சூட்டுக்கு வெள்ளை, குளிருக்கு மஞ்சள், விசிறிக்குப் பச்சை, வேலை முடிந்தது. ஹீட் பம்ப் வீட்டில் மஞ்சள் ஒயர்தான் கம்ப்ரஸர், அது சூட்டுக்கும் ஓட வேண்டும் குளிருக்கும் ஓட வேண்டும். எந்தப் பக்கம் இறைப்பது என்று ரிவர்சிங் வால்வுக்குச் சொல்வது ஆரஞ்சு. வெள்ளை போவது அந்த 10 கிலோவாட் சுருளுக்கு. ஆக, புதிய தெர்மோஸ்டாட் தான் ஃபர்னஸ் வீட்டில் இருப்பதாக நம்பிக்கொண்டு, சூடு கேட்டவுடன் வெள்ளையை மட்டும் தட்டி எழுப்பியிருக்கிறது. அமைப்பு முறையிலும் 'வழக்கமான மின்சூடு' என்றே தேர்வாகியிருந்தது. ஒயரிங் பொய், அமைப்பும் அதே பொய். இரண்டும் ஒத்துப்போனதால் திரையில் ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை.

என் ஊகத்தை உறுதிசெய்ய ஒரே ஒரு சோதனை போதும். முகப்பை மாட்டி, பிரேக்கரை ஏற்றி, குளிர் முறைக்கு மாற்றி, இருக்கும் சூட்டைவிட இரண்டு டிகிரி குறைத்துக் கேட்டேன். ஐந்து நிமிடக் காத்திருப்பு. கம்ப்ரஸரைக் காக்கத் தெர்மோஸ்டாட் தானே வைத்துக்கொள்ளும் இடைவெளி அது. பிறகு வெளிப்பெட்டி உறுமியது, இலைகள் பறந்தன. அம்மா ஜன்னலிலிருந்து, "ஓடுது தம்பி, ஓடுது" என்று கூவினார். கூடத்துக் காற்றுத் துவாரத்தில் கையை வைத்தேன். குளிர் கேட்டிருக்கிறோம், வெதுவெதுப்பான காற்று வருகிறது.

இதைவிடத் தெளிவான சான்று இல்லை. இந்த இயந்திரத்தின் வால்வு மின்சாரம் கிடைக்கும்போது குளிர்ப்பக்கமும், கிடைக்காதபோது சூட்டுப்பக்கமும் நிற்கும் வகை. ஆரஞ்சு ஒயர் மாட்டப்படாமல் கிடந்ததால் அது நிரந்தரமாகச் சூட்டுப்பக்கம் நின்றது. கம்ப்ரஸர், வால்வு, வாயு எல்லாம் சரியாக இருக்கின்றன என்பதும் அதே சோதனையில் தெரிந்துவிட்டது. நான் போகாதிருந்தால் ஏப்ரலில் ஏ.சி. போட்டதும் வீடு கொதித்திருக்கும். அப்போதும் மெஷின் மீதுதான் பழி விழுந்திருக்கும்.

'ஓ'-வும் 'பி'-யும்

திருத்தும் வேலை இருபது நிமிடம். ஆனால் இதில்தான் பலர், இந்த ஒயர்களுக்கு 24 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மரை எரிக்கிறார்கள் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒயரின் நிறத்தை நம்பக் கூடாது. நிறம் வழக்கம் மட்டுமே, விதி அல்ல. நம்ப வேண்டியது காற்றுப்பெட்டிக்குள்ளும் வெளிப்பெட்டிக்குள்ளும் அந்த ஒயர் எந்த எழுத்தில் போய் முடிகிறது என்பதை. இரண்டு மூடியையும் திறந்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்து எழுதிக்கொண்டேன். ஆரஞ்சு 'ஓ'-வில் முடிந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் 'ஓ' முறையையே பின்பற்றுகின்றன: குளிருக்கு வால்வு மின்சாரம் பெறும். ரீம், ருட் இயந்திரங்கள் 'பி' முறை: சூட்டுக்கு மின்சாரம் பெறும். புதிய தெர்மோஸ்டாட்டுகளில் இரண்டுக்கும் சேர்த்து 'ஓ/பி' என ஒரே திருகு இருக்கும். எது என்பதை அமைப்பில் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் ஒன்றும் எரியாது, சூடு கேட்டால் குளிரும் குளிர் கேட்டால் சூடும் வரும். திரும்பப் போய் மாற்றிக்கொள்ளலாம்.

எரிவது இன்னொரு இடத்தில். டிரேன் நிறுவனத்தின் பழைய இயந்திரங்களில் 'பி' என்ற எழுத்துக்கு, மின்சாரம் திரும்பிப் போகும் பொது ஒயர் என்று பொருள். மற்றவர்கள் 'சி' என்பதை அவர்கள் 'பி' என்றார்கள். நீல ஒயர் 'பி'-யில் இருந்து வருகிறதே என்று புதிய தெர்மோஸ்டாட்டின் 'பி'-யில் அதை மாட்டினால், அடுத்த முறை சூடு கேட்கும்போது 24 வோல்ட் நேராகப் பொதுவோடு மோதும். பியூஸ் இருந்தால் பியூஸ் போகும், இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் போகும்.

பியூஸ் என்றதும் நினைவுக்கு வருவது: காற்றுப்பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகையில் காரில் போடுவது போன்ற தட்டைப் பியூஸ் ஒன்று இருக்கும். 3 ஆம்பியர் என்றால் ஊதா, 5 என்றால் மங்கிய பழுப்பு. இந்த வீட்டில் சிவப்பு இருந்தது, அதாவது 10. அக்டோபரில் பிரேக்கரை இறக்காமல் வேலை செய்தபோது சிவப்பும் நீலமும் உரசிப் பியூஸ் போயிருக்கிறது; காரில் கிடந்த ஒன்றை எடுத்து நண்பர் போட்டுவிட்டார். 40 வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் 24 வோல்ட்டில் தாங்குவது 1.7 ஆம்பியர்கூட இல்லை. அதற்குக் காவலாக 10 ஆம்பியர் பியூஸ் வைத்தால், பியூஸ் போவதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். பலகையில் 3 என்று அச்சாகியிருந்தது. 3 வாங்கி வரச்சொல்லி மாற்றினேன்.

பிறகு ஆரஞ்சை 'ஓ/பி'-யில் மாட்டி, வெள்ளையைத் துணைச் சூட்டுக்கான 'டபிள்யூ-2'-க்கு நகர்த்தினேன். அவசரச் சூடு என்ற 'ஈ'-க்குத் தனி ஒயர் இல்லாததால், அதற்கும் 'டபிள்யூ-2'-வுக்கும் இடையே ஒரு சிறு துண்டு ஒயரால் பாலம். அமைப்பில் ஹீட் பம்ப், கம்ப்ரஸர் ஒரு நிலை, துணைச் சூடு ஒரு நிலை, வால்வு 'ஓ'. மல்டிமீட்டரில் 'ஆர்'-க்கும் 'சி'-க்கும் இடையே 26 வோல்ட், நல்லது. சூடு கேட்டோம். வெளிப்பெட்டி கிளம்பியது. அதன் லைனில் 10.5 ஆம்பியர், உள்ளே விசிறி மட்டும். 44 ஆம்பியர் பிடித்த இடத்தில் இப்போது மொத்தம் பதின்மூன்றுக்கும் குறைவு.

அவசரச் சூடு பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். கடுங்குளிர் நாளில் போட வேண்டிய பொத்தான் அது என்று நினைப்பவர்கள் நிறைய. அது கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுச் சுருளை மட்டும் ஓட்டும். வெளிப்பெட்டி உண்மையிலேயே பழுதானால் ஆள் வரும் வரை போட்டுக்கொள்வதற்கு.

"காத்து சூடாவே இல்லையே"

இரண்டே நாளில் அழைப்பு. இந்த முறை அம்மா. "தம்பி, ரிப்பேர் பண்ணீங்க, நல்லது. ஆனா முன்ன மாதிரி காத்து சூடா வரலையே. கையை வச்சா சில்லுனு இருக்கு."

அவர் சொன்னது உண்மை. சுருள் ஓடியபோது துவாரத்தில் 39 டிகிரி வந்திருக்கும். இப்போது தெர்மாமீட்டர் வைத்து நண்பர் பார்த்துச் சொன்னது 34. உடம்பின் சூடு 37. அதற்குக் குறைவான காற்று வீசும்போது தோலுக்கு அது குளிர்ந்த காற்றுதான். 21 டிகிரி அறைக்கு அது வெந்நீர், நம் கைக்குத் தண்ணீர். ஹீட் பம்ப் நீண்ட நேரம், மெதுவாக, இடைவிடாமல் ஓடி வீட்டை நிறைக்கும். அம்மாவிடம் துவாரத்தைப் பார்க்காமல் சுவரில் உள்ள எண்ணைப் பாருங்கள் என்றேன். படுக்கையை மட்டும் துவாரத்துக்கு நேர்கீழே இருந்து தள்ளிப் போடச் சொன்னேன். அதன்பின் அந்தக் குறை வரவில்லை.

வேறொரு காலையில் இன்னொரு அழைப்பு, இந்த முறை பதற்றத்தோடு: பெட்டி புகைகிறது. அது புகையல்ல, ஆவி. ஈரமும் குளிரும் சேர்ந்த நாளில் வெளிச்சுருளில் உறைபனி படியும். அதைக் கரைக்க இயந்திரம் சில நிமிடம் தன்னைக் குளிர்ப்பக்கம் திருப்பி, வெளி விசிறியை நிறுத்தி, வெளிச்சுருளைச் சூடாக்கும். உள்ளே குளிர்காற்று வராதிருக்க அந்த நிமிடங்களில் துணைச் சூடு ஓடும். இதைச் செய்வது வெளிப்பெட்டியின் பலகை. தெர்மோஸ்டாட்டின் அனுமதி இதற்குத் தேவையில்லை. எனவே கறாராக அமைத்த வீட்டிலும் சுருள் அவ்வப்போது சிறிது நேரம் ஓடத்தான் செய்யும். அதைப் பிழையென்று கருதி யாரும் வெள்ளை ஒயரைப் பிடுங்கிவிட வேண்டாம்.

விடியற்காலைக் கோபுரம்

ஒரு வாரம் கழித்து மின்நிறுவனத்தின் தளத்தில் மணிவாரி நுகர்வைத் திறந்து பார்த்தோம். நாளுக்கு 96 யூனிட் இருந்தது 58-க்கு இறங்கியிருந்தது. நண்பருக்கு மகிழ்ச்சி. எனக்கு முழுத் திருப்தி இல்லை, ஏனென்றால் முந்தைய ஆண்டு 50. படத்தில் ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு ஒரு கோபுரம் எழுந்து ஏழரைக்கு இறங்கியது.

நேர அட்டவணையைப் பார்த்தேன். இரவு பத்துக்கு 62 ஃபாரன்ஹீட் (ஏறக்குறைய 17 செல்சியஸ்), காலை ஆறுக்கு 70 (21 செல்சியஸ்). தூங்கும்போது குறை, எழும்போது கூட்டு. சிக்கனத்துக்குப் பெயர்போன அறிவுரை. கேஸ் ஃபர்னஸ் வீட்டுக்கு அது பொருந்தும், ஏனென்றால் ஃபர்னஸ் எந்த நேரத்தில் எரிந்தாலும் கேஸின் விலையும் திறனும் ஒன்றுதான். ஹீட் பம்ப் அப்படியல்ல. விடியற்காலைதான் நாளிலேயே கடுங்குளிர். கிணற்றில் நீர் அடியில் கிடக்கும் நேரம். அந்த நேரம் பார்த்து எட்டு டிகிரியை ஒரே மூச்சில் நிரப்பு என்கிறது அட்டவணை. இடைவெளி இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் போனாலே பல தெர்மோஸ்டாட்டுகள் துணைச் சூட்டைக் கூப்பிட்டுவிடும். ஒன்றரை மணிநேரம் 10 கிலோவாட் என்றால் 15 யூனிட். அதே வெப்பத்தைக் கம்ப்ரஸர் இரவு முழுவதும் மெதுவாகத் தந்திருந்தால் 6 யூனிட் போதும். இரவில் சூட்டைக் குறைத்ததால் மிச்சமானது, என் தோராயக் கணக்கில், 2 யூனிட்டை ஒட்டி. இரண்டைச் சேமிக்க ஒன்பதைச் செலவழித்திருக்கிறோம்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. ஹீட் பம்புக்குச் சாதாரண நேரத் தெர்மோஸ்டாட் பொதுவாகப் பரிந்துரைக்கத்தக்கதல்ல, அதற்கென வடிவமைத்தது வேண்டும் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே மக்களுக்கான வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. நேரத் தெர்மோஸ்டாட்டுகளுக்குத் தரப்பட்டுவந்த, எரிசக்திச் சிக்கனத்துக்கான எனர்ஜி ஸ்டார் முத்திரையும், எதிர்பார்த்த சேமிப்பு வீடுகளில் தென்படாததால், 2009 டிசம்பர் 31-ஓடு நிறுத்தப்பட்டது. கருவியில் குறையில்லை, மக்கள் கையில் அது எப்படி இயங்கியது என்பதில்தான் சிக்கல். கடையில் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது 'சேமிப்பு'. ஹீட் பம்ப் வீட்டுக்கான எச்சரிக்கை உள்ளே, கடைசிப் பக்கங்களில். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

மூன்று மாற்றம் செய்தோம். இரவு 67, பகல் 69. இரண்டே டிகிரி வித்தியாசம். முன்கூட்டித் தொடங்கும் வசதியை இயக்கினோம். காலை ஆறுக்கு 69 வேண்டுமென்றால் ஐந்துக்கே கம்ப்ரஸரை மட்டும் கிளப்பி மெல்ல ஏற்றிக்கொள்ளும். மூன்றாவது, வெளியே 35 ஃபாரன்ஹீட்டுக்கு (ஏறக்குறைய 2 செல்சியஸ்) மேல் இருக்கும்போது தெர்மோஸ்டாட் துணைச் சூட்டைக் கூப்பிடவே கூடாது என்ற பூட்டு. இதற்கு வெளி வெப்பநிலை தெரிய வேண்டும். இந்தக் கருவி இணையத்தில் வானிலையைப் பார்த்துக்கொள்கிறது, பழைய வகைகளுக்கு வெளியே ஓர் உணரியும் இரண்டு ஒயரும் தேவைப்படும். கடைசியாக, வீட்டில் யாரும் கைபோட்டு ஒரேயடியாக 74-க்கு ஏற்றக் கூடாது என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். சீக்கிரம் சூடாகட்டும் என்று ஏற்றும் அந்த ஒரு தொடுதலே சுருளுக்கு அழைப்பிதழ்.

அடுத்த பத்து நாளின் சராசரி 49. குளிர் நாளுக்கு நாள் மாறும் என்பதால் இதைத் தராசுக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கோபுரம் படத்தில் இல்லை. அதன் இடத்தில் ஐந்து மணியிலிருந்து ஒரு தாழ்ந்த மேடு.

மெஷினை மாற்றவில்லை. செலவு ஒரு பியூஸ், ஒரு விரல் நீளத் துண்டு ஒயர்.

அம்மா பிப்ரவரி கடைசியில் ஊருக்குத் திரும்பினார். ஏப்ரலில் முதல் வெக்கை அடித்த மாலை நண்பர் அழைத்துக் குளிர் முறையைப் போட்டுக் காட்டினார். வெளிப்பெட்டி உறும, துவாரத்தில் நல்ல குளிர்காற்று. அன்றே காற்றுப்பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டச் சொன்னேன், அடுத்துத் திறப்பவர் யாராக இருந்தாலும் முதலில் அது கண்ணில் படட்டும் என்று: சிவப்பு ஆர், நீலம் சி, மஞ்சள் ஒய், பச்சை ஜி, வெள்ளை டபிள்யூ-2, ஆரஞ்சு ஓ. கீழே கோடு போட்டு, 'ஹீட் பம்ப். ஸ்பேர் ஒயர் எதுவும் இல்லை.'